பி.எச்டி முடியப் போகுதா? போஸ்ட் டாக் தேடலை எப்போது தொடங்கணும், யாருக்கு மெயில் போடணும்?

ஐந்தாறு வருடம் ஆய்வகத்தில் உழைத்து, தீசிஸ் எழுதி, வைவாவும் முடிந்தாச்சு. அதற்குப் பிறகுதான் பலரும் ‘போஸ்ட் டாக் எங்கே கிடைக்கும்?’ என்று தேடத் தொடங்குகிறார்கள். இது லேட். உதவித்தொகை நின்றுபோயிருக்கும், அடுத்த வேலையும் கையில் இருக்காது. தீசிஸ் சமர்ப்பிக்க ஒரு வருடம் இருக்கும்போதே தேடலைத் தொடங்குவதுதான் சரி.

போஸ்ட் டாக் என்பது இன்னொரு படிப்பு இல்லை. பி.எச்டி முடித்தவர், ஒரு பேராசிரியரின் குழுவில் ஓரிரு வருட ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குச் செய்யும் ஆராய்ச்சி வேலை.

பணம் யார் தருவது?

இரண்டு வழி. ஒன்று, பேராசிரியரின் ப்ராஜெக்ட் நிதி. இதற்கான விளம்பரங்கள் பல்கலைக்கழக இணையதளங்களிலும், யூராக்ஸெஸ், நேச்சர் கரியர்ஸ் போன்ற தளங்களிலும் வரும். இன்னொன்று, ஆய்வாளர் தன் பெயரில் வாங்கும் ஃபெல்லோஷிப்.

இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். ஃபெல்லோஷிப்புன்னா தனியாவே அப்ளை பண்ணிடலாம் என்று நினைப்பு. ஆனால் இந்தியாவின் தேசிய போஸ்ட் டாக் ஃபெல்லோஷிப்புக்கு ஒரு வழிகாட்டியின் சம்மதக் கடிதம் வேண்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில், உங்களை ஏற்கும் நிறுவனத்தோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். பொதுத் தேர்விலோ விண்ணப்பத்தை அனுப்புவதே அங்குள்ள பேராசிரியர் தரப்புதான். ஆக, எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒரு பேராசிரியரைப் பிடிப்பது.

மெயிலில் என்ன இருக்கணும்?

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவல்’ என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டால், நேராகக் குப்பைக்குத்தான் போகும். அந்தக் குழுவின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு, அவர்கள் சோடியம் அயன் பேட்டரியில் வேலை செய்கிறார்கள், உங்களுக்கு எலெக்ட்ரோலைட் அனுபவம் இருக்கிறது என்றால், அந்த இரண்டும் எங்கே சேரும் என்பதை நாலே வரியில் சொல்லுங்கள். கட்டுரைப் பட்டியலோடு சி.வி., பரிந்துரை தரக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயர்கள் போதும். உங்கள் கைடுக்கு அந்தப் பேராசிரியரைத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்; ஒரு அறிமுக வரி பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும். பதில் வரலைன்னா இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம்தான் என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

தேதியைக் கவனியுங்க

தேசிய ஃபெல்லோஷிப்புக்கு வயது வரம்பு 35, பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு. தீசிஸ் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு பி.எச்டி வாங்கி 6 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். மேரி கியூரியில் வேறொரு சிக்கல்: கடைசி தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மனியில் பி.எச்டி முடித்த கையோடு அங்கேயே இதை எதிர்பார்க்க வேண்டாம்.

போட்டியும் கடுமை. 2024-ல் மேரி கியூரிக்கு வந்த விண்ணப்பங்கள் 10,360. தேர்வானவர்கள் 1,696 பேர். இதை மட்டும் நம்பி உட்காராமல், ப்ராஜெக்ட் வேலைகளுக்கும் சேர்த்தே முயற்சி செய்வது நல்லது.

‘வெளிநாட்டு போஸ்ட் டாக் உறுதி, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்க’ என்று யாராவது போன் செய்தால் கட் பண்ணிடுங்க. எந்தப் பேராசிரியரும் தன் குழுவில் சேர்க்க காசு கேட்க மாட்டார்.