உங்களுக்குத் தெரியுமா? மின்னூட்டம் குலுங்கினால் அலை பிறக்கும்!

● கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் ஒரு குட்டி வானொலி நிலையம். நம்ப முடியவில்லையா? பழைய டிரான்சிஸ்டரில் மீடியம் வேவைத் திருப்பி, எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். அடுப்பை விட்டு விலகி வந்து, ரேடியோவின் பக்கத்தில் லைட்டரை ‘டக்’கென்று அமுக்குங்கள். ரேடியோ ‘கிரிக்’ என்று குரல் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி ஏதும் கிடையாது. லைட்டருக்குள் ஒரு சின்னச் சுத்தி படிகத்தைத் தட்டுகிறது. பல ஆயிரம் வோல்ட் எழுந்து நுனியில் நீலப் பொறி தெறிக்கிறது. அந்தப் பொறியில் மின்னூட்டங்கள் திடுமெனப் பாய்ந்து திடுமென அடங்கிய குலுக்கல்தான் அலையாகக் கிளம்பி ரேடியோவைத் தொட்டது.

● அசையாமல் இருக்கும் மின்னூட்டத்திலிருந்து அலை வராது. அதைச் சுற்றி மின்புலம் மட்டும் இருக்கும். வெற்றிடத்தில் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தால் காந்தப்புலமும் கூடவே சேரும், அப்போதும் அலை வராது. வேகம் கூட வேண்டும், குறைய வேண்டும், இல்லையென்றால் திசை திரும்ப வேண்டும்.

● அது ஏன் அப்படி? மின்னூட்டம் சட்டென்று அசைந்தால், அதன் புலம் முழுவதும் உடனே அசைந்துவிடாது. அசைந்த செய்தி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியே போகும். செய்தி எட்டிய தூரம் வரை புதுப் புலம். எட்டாத இடத்தில் இன்னும் பழைய புலம். இரண்டும் ஒட்டும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு நாலா பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். மின்காந்த அலை என்பது இந்த மடிப்புதான். இயற்பியல் பாடத்தில் இதைவிட அழகான இடம் குறைவு என்பேன்.

● இப்படி ஓர் அலை இருக்கிறது என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் சொன்னது வெறும் கணக்கை வைத்து. 1865இல் வெளியான கட்டுரையில், அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு பொருந்துவதைக் காட்டி, ஒளியும் இதே இனம்தான் என்றார். அலையை யாராவது உண்டாக்கிக் காட்டுவதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1879இல், 48 வயதில் மறைந்தார்.

● காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில், 1887இல். ஒரு பக்கம் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே பொறி பறக்கவிட்டார். தள்ளி ஒரு கம்பி வளையம். அதில் மயிரிழை போன்ற ஓர் இடைவெளி. இங்கே பொறி பறந்தபோதெல்லாம் அங்கேயும் ஒரு பொறி மினுக்கியது. அது அவ்வளவு சிறியது என்பதால் அறையை இருட்டாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் லைட்டரும் ரேடியோவும் செய்துகாட்டுவது ஏறக்குறைய அதே சோதனைதான். ஹெர்ட்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 36.

● ஹெர்ட்ஸின் அலைகள் மீட்டர் கணக்கில் நீண்டவை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அவற்றைச் சில மில்லிமீட்டருக்குச் சுருக்கினார். 1895இல் அங்குள்ள டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தை வெடிக்கவைத்தார்.

● சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் என்றால் என்ன? ஒலிபரப்புக் கோபுரத்தில் எலக்ட்ரான்கள் நொடிக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன என்று பொருள். அலைநீளம் சுமார் 417 மீட்டர். ரெயின்போ பண்பலையின் 101.4 மெகாஹெர்ட்ஸில் இந்த ஆட்டம் நொடிக்கு 10 கோடி முறைக்கும் மேல். அலைநீளம் 3 மீட்டருக்கும் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பில்? 245 கோடி முறை. வெறும் 12 சென்டிமீட்டர்.

● வீட்டுக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஆடுகின்றன, நொடிக்கு 50 முறை. அதற்குரிய அலைநீளம் 6,000 கிலோமீட்டர்! நம் வீட்டுக் கம்பி அதன் முன்னால் ஒரு தூசு என்பதால், அலையாக வெளியேறும் ஆற்றல் கணக்கில் கொள்ள முடியாத அளவுக்குச் சொற்பம்.

● எக்ஸ்ரே பிறப்பது பிரேக் போடுவதால். அதிவேக எலக்ட்ரான்கள் உலோகத் தகட்டில் மோதித் திணறும்போது வேகம் சட்டென்று குறைகிறது. அங்கிருந்து எக்ஸ்ரே கிளம்புகிறது. மருத்துவமனைக் குழாயில் செலவாகும் ஆற்றலில் சுமார் 1 சதவீதம்தான் எக்ஸ்ரே ஆகிறது, மீதி வெப்பம். ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்ட நாள் 8 நவம்பர் 1895.

● வேகம் குறையாமல் திசை திரும்பினாலும் அலை உண்டு என்றோமே, அதற்கென்றே இந்தூரில் ஒரு வளையம் இருக்கிறது. பெயர் இந்தஸ்-2, சுற்றளவு 172.5 மீட்டர். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் திருப்பும் ஒவ்வொரு வளைவிலும் கதிர் பீறிடுகிறது. அந்தக் கதிரைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை ஆராய்கிறார்கள்.

● நீங்களும் அலை பரப்புகிறீர்கள். உடலின் சூட்டில் அணுக்களும் அவற்றின் மின்னூட்டங்களும் ஓயாமல் துள்ளுவதால் அகச்சிவப்பு அலை வந்துகொண்டே இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி அளந்தது அதைத்தான்.

● குலுங்கும் மின்னூட்டம் அலையைத் தருகிறது. வந்து சேரும் அலை, எதிரே இருக்கும் மின்னூட்டத்தைக் குலுக்குகிறது. ஆன்டெனா வேலை செய்வது இதனால்தான். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் கிடக்கிறது. அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை அளவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, விண்பொருள் ஒன்றை மணிக்கணக்கில் பின்தொடர அதை ஒரே அச்சில் சுழற்றினால் போதும் என்றாகிறது. அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருமுனை ஆன்டெனாக்களில் எலக்ட்ரான்களை அசைப்பவை, எங்கோ ஒரு காந்தப்புலத்தில் சுழன்ற எலக்ட்ரான்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சில சமயம் பல கோடி ஆண்டுகளுக்கு முன், அனுப்பிய அலைகள். தொலைநோக்கி செயல்படத் தொடங்கிய ஆண்டு 1970.