இரு கைகளுக்கும் ஒரே நாளிலா?

நள்ளிரவிற் கைகள் மரத்து, எழுந்திருந்து உதறிய இரவுகள் பல. பகலில் வெண்கட்டி விரல்களினின்றும் நழுவி விழுந்தது.

மணிக்கட்டின் உட்புறத்தே எலும்புகளும் உறுதியான நாரிழையமும் சூழ்ந்த ஒடுங்கிய வழியொன்றுண்டு. ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கு நெருக்கம் மிகுந்தால் நரம்பு நசியும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலிற் பாதி ஆகியன உணர்விழக்கும்.

இரவில் மட்டை வைத்துக் கட்டியும், ஊசிமருந்து ஏற்றியும் குணம் நிலைக்கவில்லை. நாரிழையத்தை வெட்டி வழியை அகலப்படுத்தலாம் என்றார் வைத்தியர். இரு கைகளுக்கும் ஒருங்கே செய்வதா என்பதை எம்மிடமே விட்டார்.

ஒருங்கே செய்தால் நோவும் விடுமுறையும் ஒருமுறையே. ஆயின், சோறு பிசையவும், பொத்தான் பூட்டவும், மலசலங் கழிக்கவும் சில நாட்கள் பிறர் கை வேண்டும்.

"நான் இருக்கிறேன்தானே, ஏன் யோசிக்கிறீங்கள்?" என்றாள் மனைவி. படுக்கையிற் கிடக்கும் தன் தாயாரை அவள் ஒருத்தியே பராமரிக்கிறாள். இன்னுஞ் சுமையேற்ற என் மனம் ஒப்பவில்லை.

காலந் தாழ்த்தவும் இயலாது. வலக்கைப் பெருவிரலடித் தசை மெலியத் தொடங்கிவிட்டது. முற்றிலும் மெலிந்த தசை மீளாமலும் போகலாம். ஆதலின் ஆவணி விடுமுறையில் வலக்கை, மார்கழியில் இடக்கை என்று முடிவு செய்தோம்.

வேறொரு வீட்டில் வேறு முடிவே பொருந்தலாம். கைகளை மட்டுமன்றி, அவற்றைத் தாங்கப்போகும் கைகளையும் எண்ணியே தீர்மானியுங்கள்.