1 டிகிரி சூடு, 800 மீட்டர் விலகல்

செயற்கைக்கோள்களில் உள்ள லேசர் தொடர்புக் கருவிகள் ரேடியோ அலைக்குப் பதிலாக ஒளிக்கற்றையில் தகவல் அனுப்புகின்றன. கற்றை மிகக் குறுகலாக இருப்பதால் சக்தி அதிகம் சிதறுவதில்லை. ஆனால், கருவி இம்மியளவு கோணினாலும் குறி தப்பிவிடும்.

கற்றையை அனுப்பும் தொலைநோக்கியை 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு அலுமினியக் கால்கள் 20 செ.மீ. இடைவெளியில் தாங்குகின்றன என்றால், ஒரு கால் மற்றதைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானாலே 4.6 மைக்ரான் நீண்டுவிடும். தொலைநோக்கி 23 மைக்ரோரேடியன் சாயும். அதைத் திருத்தாவிட்டால், 36,000 கி.மீ. உயரத்திலிருந்து சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரையைக் குறிவைத்த கற்றை, 800 மீட்டருக்கு மேல் தள்ளிக் கடலில் போய் விழலாம். இதற்கு மாறாகத் தரையில், 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இஸ்ரோ 300 மீட்டர் தூரத்துக்கு ஒளிவழி குவாண்டம் தொடர்பைச் செய்துகாட்டியது. அந்தத் தூரத்தில் இதே சாய்வால் வரும் விலகல் 7 மி.மீ.தான்.

கருவி முழுதும் சீராகச் சூடானால் திசை பெரிதாக மாறாது. ஒரு பக்கம் மட்டும் சூடாவதுதான் ஆபத்து. தாழ்வான சுற்றுப்பாதையில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பெரும்பாலான சுற்றுகளில் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். உள்ளேயோ லேசர் பெருக்கியே சூட்டைக் கக்குகிறது. வெற்றிடத்தில் விசிறிக்கு வேலையில்லை. சூடு வெப்பக் குழாய்கள் வழியே வெளித்தகட்டுக்குப் போய்க் கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும்.

அலுமினியத்துக்குப் பதில் இன்வார் என்ற கலப்புலோகத்தைப் பயன்படுத்தலாம்; அது அலுமினியம் விரிவதில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்குதான் விரியும். எடையோ மூன்று மடங்கு. கண்ணாடியும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒட்டிய இடத்தில் இறுக்கம் ஏறி, தொலைநோக்கி ஆடியின் வடிவமே கெடும். அதைத் தவிர்க்க வளைந்துகொடுக்கும் மெல்லிய தாங்கிகள் வைக்கிறார்கள். ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் உலுக்கலுக்கோ தாங்கி உறுதியாக இருந்தாக வேண்டும். வடிவமைப்பில் கடினமான இடம் இது. திரும்பும் பாகங்களை ஏவி முடியும்வரை பூட்டி வைப்பதும், அதிர்வு மேசையிலும் வெப்ப வெற்றிட அறையிலும் சோதித்து, ஒளியியல் நேர்கோடு நகர்ந்திருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளப்பதும் இதனால்தான்.

விண்ணில் நிலைகொண்ட பிறகும் செயற்கைக்கோளின் திசையைக் காக்கும் சுழல்சக்கரங்கள் நுண்ணதிர்வை உண்டாக்கும். எதிர்முனையிலிருந்து வரும் ஒளியைப் பார்த்து, ஒரு சிறிய ஆடி நொடிக்குப் பலநூறு முறை கோணம் திருத்துகிறது. தொலைநோக்கி மொத்தமாகச் சாய்ந்தால் இந்த ஆடி சமாளித்துவிடும். அனுப்பும் பாதையும் வாங்கும் பாதையும் சூட்டில் வெவ்வேறாகக் கோணினால் அதற்குத் தெரியாது; வரும் ஒளி சரியாக விழும், போகும் கற்றை வேறெங்கோ போகும். அதனால் இரு பாதைகளையும் ஒரே பலகையில் நெருக்கமாக அமைத்து, அந்தப் பலகையின் வெப்பநிலையைக் கூடியவரை மாறாமல் காக்கிறார்கள்.