முதன்முறை பனிச்சறுக்கா? ஏறும் முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆண்டு இறுதி விடுமுறை வந்தால் செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஜப்பான், தென்கொரியா என்று கிளம்பும் நம் குடும்பங்களை இப்போது பார்க்க முடிகிறது. பயணத் திட்டத்தில் ஒரு நாள் ‘பனிச்சறுக்கு அனுபவம்’ என்று போட்டிருக்கும். பலகையை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு நேராக லிஃப்ட்டில் ஏறிவிடுகிறவர்களும் உண்டு. ஏறுவது எளிது. நிறுத்தத் தெரியாது என்பது இறங்கும்போதுதான் புரியும். முழங்கால் தசைநார் அறுந்தால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. லோரி ஓட்டுகிறவருக்கும், தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவருக்கும் அது குடும்ப வருமானத்தையே பாதிக்கும்.

எனவே முதல் நாள் காலையில் இரண்டு மணி நேரப் பாடத்திற்குப் பணம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் சொல்லித் தரும் பயிற்றுநரை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. முழு நாள் லிஃப்ட் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தொடக்கநிலையாளர் காலைப் பொழுதைப் பெரும்பாலும் அடிவாரத்திலேயே கழிப்பார்.

அங்கே முதலில் கற்றுத் தருவது நிறுத்துவதைத்தான். இரு பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை ‘பிட்சா துண்டு’ என்பார்கள். நமக்கு நாசி லெமாக் பொட்டலத்தின் முக்கோணம் என்றால் மறக்காது. பின்முனைகளை எவ்வளவு அகட்டுகிறோமோ அவ்வளவு வேகம் குறையும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் பலகை கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும். முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேல் உள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தும்படி நில்லுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையைப் பின்னால் ஊன்றாமல், இடுப்பின் பக்கவாட்டில் சரிந்து விழுங்கள். கைக்கோலை இறுகப் பிடித்தபடி விழுந்தால் கட்டை விரல் மூட்டு அடிபடும். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயல வேண்டாம். நின்ற பிறகு எழலாம்.

வாடகைக் கடையில் நம்மவர்கள், குறிப்பாகப் பெண்கள், கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடல் எடையைக் கேட்பார்கள். வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். ஆண்களும் கூட்டிச் சொல்ல வேண்டாம். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பிடியை எடை, உயரம், வயது, அனுபவம் ஆகியவற்றை வைத்துத்தான் இறுக்குகிறார்கள். தேவைக்கு மேல் இறுகினால் பலகை கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தேவைக்குக் குறைந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். ‘எனக்குக் கொஞ்சம் தெரியும்’ என்ற பெருமையும் இங்கே ஆகாது. பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறைதான். இரண்டு போட்டால் மடிப்பு அழுத்தி வலிக்கும், குளிரும் குறையாது.

நம் நாட்டில் பனிமலை இல்லை என்பது உண்மைதான். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறை கால் வைத்ததே 2018இல், பியோங்சாங்கில். மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் இறங்கிய ஜெஃப்ரி வெப் அமெரிக்காவில் வளர்ந்தவர். ஆனால் பனித்தள நடனத்தில் பங்கேற்ற ஜூலியன் யீ, சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் பழகியவர். செந்தூல் கொமுட்டரில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத் தடத்துக்கு மாறி, செத்தியா ஜெயாவில் பிஆர்டி பேருந்தைப் பிடித்தால் நாமும் அங்கே போகலாம். பனித்தளச் சறுக்கும் மலைச்சரிவுச் சறுக்கும் ஒன்றல்ல. ஆனாலும் வழுக்கும் தரையில் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் பயம் அங்கேயே போய்விடும். கால் வலுவுக்குச் செலவே இல்லை. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்து அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவது போல் நின்று பழகுங்கள்.

எங்கே போவது? தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் சுமார் 75 நிமிடத்தில் காலா யுசாவா வந்துவிடும். நிலையத்திலேயே வாடகைப் பொருளும் டிக்கெட்டும் கிடைப்பதால் முதன்முறை போகிறவர்களுக்கு வசதி. டிசம்பர் தொடக்கத்தில் பனி போதாமல் போகலாம். ஜனவரி, பிப்ரவரி பாதுகாப்பான தேர்வு. ஜப்பானில் பச்சைத் தடம் தொடக்கநிலைக்கு, சிவப்பு இடைநிலைக்கு, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. இந்தியா போகிறவர்களுக்குக் காஷ்மீரின் குல்மார்க் இருக்கிறது. ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், நம் கெந்திங் மலையையும் தாண்டி நிற்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும். அங்குள்ள கேபிள் காரின் இரண்டாம் கட்டம் போய்ச் சேரும் சரிவுகள் தொடக்கநிலையாளருக்கு உரியவை அல்ல.

காப்புறுதியைப் பற்றி விமான டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் பனி விளையாட்டு சேர்ந்திருக்காது, அல்லது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போய் அடிபட்டால் அதுவும் கிடைக்காமல் போகலாம். சரிவில் உங்களுக்கு முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. மோதினால் பின்னால் வந்தவர்தான் பொறுப்பு.

உடைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நீர் புகாத மேலுடையும் கால்சட்டையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே போட கம்பளிச் சட்டையைப் பண்டல் கடையில் தேடலாம். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் நனைந்தால் காயாது. உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. பின்கழுத்தில் தாழப் பின்னுங்கள். தாலிச் சங்கிலியை உட்சட்டைக்குள் விடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சறுக்குத்தள உணவகத்தின் ஜப்பானியக் கறிச் சோற்றைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். காய்கறிக் கறியிலும் மாட்டுக் கொழுப்பு சேர்ந்த மசாலா இருப்பது வழக்கம்.