முடிவு தெரிந்தே உட்கார்ந்தவர்கள்

இராஜபாளையத்தை ஒட்டி ஒரு சஞ்சீவி மலை இருக்கிறது. இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்தில் சாய்ந்த இலக்குவனை எழுப்ப அனுமன் மருந்துமலையைப் பெயர்த்துக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டு அது என்று ஊரில் சொல்வார்கள். (இப்படிக் கதையுள்ள மலைகள் தமிழ்நாட்டில் பல. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அனுமன் இலங்கைக்கு எதைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று சந்தேகம் வரும்.) அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புப் பக்கம் போனால் அர்ச்சுனாபுரம் வரும். அங்கே நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத் தானும் விழுந்த கிணறு இதுதான் என்று காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில், சாவு என்ற ஒன்றே இல்லாமல் அரங்கனோடு கலந்து கதையை முடித்துக்கொண்ட ஆண்டாளின் ஊர்.

மனசுக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தை என்ன செய்யலாம் என்பதற்கு இந்த ஒரு தாலுகாச் சுற்றளவுக்குள்ளேயே மூன்று விடை இருக்கிறது. எழுப்பலாம், கலக்கவிடலாம், கொல்லலாம். மாயக் கதைகளில் பிரியமான ஆட்களைச் சாகடித்தால்தான் கதை நிஜமாக இருக்கும் என்று இன்றைக்கு ஒரு பேச்சு நடக்கிறது. ஏதோ புதுத் துணிச்சல் போலவும், பழைய கதைகள் எல்லாம் சுபம் போட்டு முடிந்தவை போலவும் பேசுகிறார்கள். நல்லதங்காளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அர்ச்சுனாபுரத்தில் அண்ணன் நல்லதம்பியோடு செல்லமாக வளர்ந்தவள் நல்லதங்காள். மானாமதுரையில் காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். திறந்த பிறகும் ஓட்டைப் பானையும் எரியாத பச்சை மட்டையும் கொடுத்துப் பொங்கித் தின்னச் சொல்கிறாள். விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறாதது, பசித்த பிள்ளைகளோடு அவள் அந்தக் கிணற்றுக்குப் போவதுதான். மூத்தவன் தப்பித்து ஓடப் பார்க்கிறான், தன்னையாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவனையும் பிடித்துத் தள்ளுகிறாள்.

இதைக் கேட்ட சனங்களுக்குப் பஞ்சம் கற்பனை இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டே மழைக்கு ஏங்கிய மானாவாரிப் பூமி இது. கதவு சாத்தப்படும் ஓசை அவர்களுக்குத் தெரியும். ஆகவே கதையின் நிஜம் சாவில் இல்லை. எரியாத மட்டையில் இருந்தது. சாவு வருவதற்கு வெகு முன்னாலேயே கேட்பவர் நம்பியாயிற்று. நம்ப வைப்பதற்காக யாரையும் கொல்ல வேண்டிய தேவை கதைக்கு இருக்கவில்லை.

அதற்கப்புறம் வருவதைத்தான் இன்றைய கதைக்காரர்கள் கவனிக்க வேண்டும். அண்ணன் திரும்பி வருகிறான், தேடுகிறான், கிணற்றைக் கண்டுபிடிக்கிறான், அழுகிறான். அழுகை மட்டுமே பாட்டில் பக்கம் பக்கமாகப் போகும். பிறகு பழி வாங்குகிறான், தன்னையும் முடித்துக்கொள்கிறான். அப்போது சிவனும் பார்வதியும் வந்து எல்லோரையும் எழுப்புகிறார்கள். ஒரு வடிவத்தில் நல்லதங்காள் அந்த உயிரை மறுக்கிறாள். மாண்டவர் மீண்டுவந்தால் உலகம் தாங்காது என்பது அவள் வாதம். தெய்வமாக நிலைக்கச் சம்மதிக்கிறாள், மனுஷியாகத் திரும்பச் சம்மதிக்கவில்லை. சஞ்சீவியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் இந்த இடத்துக்கு ஈடான ஒன்றை நான் வேறெந்த மாயக் கதையிலும் பார்த்ததில்லை.

இந்தக் கதையைப் பாட்டாகக் கேட்டார்கள், நாடகமாகப் பார்த்தார்கள், சந்தையில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகமாக வாங்கி வந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 1950-இல் ‘நல்லதங்க’ என்று படமே வந்தது. எந்த வடிவத்தில் வந்தாலும் ஒரு விஷயம் பொது: பார்க்க உட்கார்ந்த அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். நல்லதங்காள் சாவாள் என்று தெரிந்துதான் பாயை விரித்தார்கள். முடிவைத் தெரிந்துகொள்ள வரவில்லை, அழுவதற்கு வந்தார்கள். தன் வீட்டுத் துக்கத்துக்கு அழ நேரம் கிடைக்காத பெண்கள் நல்லதங்காளுக்காக அழுது தீர்த்துவிட்டுப் போனார்கள்.

சினிமா வந்த பிறகும் இந்தக் கணக்கு கொஞ்ச காலம் செல்லுபடியானது. 1956-இல் ‘மதுரை வீரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறார். படம் அமோகமாக ஓடியது. 1962-இல் ‘பாசம்’ படத்திலும் அவர் சாகிறார். அதை ரசிகர்கள் ஏற்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். அதே முகம்தான், அதே ரசிகர்கள்தான். வித்தியாசம் என்னவென்று கேட்டால், மதுரை வீரன் ஏற்கெனவே கோயில் வாசலில் நிற்கும் சாமி. அவன் செத்தால் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. ‘பாசம்’ கதாநாயகன் செத்தால் செத்ததுதான். ரசிகன் அவனைக் கொண்டுபோய் எங்கே வைப்பான்?

இதெல்லாம் அழுகைக் கதைகள். சுத்தமான மாயாஜாலம் என்று இருந்தது வேறு பக்கம். விக்கிரமாதித்தன் காளிக்குத் தலையை அறுத்துக் கொடுப்பான், அடுத்த பக்கத்தில் தலை ஒட்டிக்கொள்ளும். வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் இளவரசன் கல்லாவான், பிறகு மனுஷனாவான். பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்து சேர்ந்தபோதும் அதே விதிதான். மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிற மாயாவிக்கு ஆபத்து வரலாம், சாவு வராது. அடுத்த இதழ் வரவேண்டுமே! ஆக அன்றைக்கு வேலை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. சனங்களின் சாமிக் கதைகள் கொல்லும், மாயக் கதைகள் காப்பாற்றும்.

நாவல் இந்த வரப்பை மிதித்தது. சரித்திரம் என்றால் எழுத்தாளன் கை கட்டப்பட்டிருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கும்போது கல்கி அவனை எப்படிக் காப்பாற்றுவார்? ஆனால் அதே நாவலில் வரும் மணிமேகலை கல்கியின் கற்பனைப் பெண். எந்தக் கல்வெட்டும் அவளைச் சாகச் சொல்லவில்லை. 1954-இல் ‘பொன்னியின் செல்வன்’ கடைசி அத்தியாயத்தை முழுக்க அவளுக்குக் கொடுத்து, வந்தியத்தேவன் மடியில் சாகவிட்டார். ராஜ்ஜியம் யாருக்கு என்ற பிரச்சினை முடிந்து, சதி வெளிப்பட்டு, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பெண் இறந்து போவதற்காகவே அத்தியாயம் நின்று காத்திருக்கிறது. அந்த நாவலில் கரிகாலன் கொலையைவிட எனக்கு இதுதான் பெரிய சாவு. கொன்றது யார் என்று வாசகன் இன்னும் தகராறு பண்ணுவது அங்கே. இங்கே தகராறுக்கு ஒன்றுமில்லை.

இந்த மாவட்டத்து நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதி 1960-இல் ‘கல்கி’ பத்திரிகையில் ‘குறிஞ்சி மலர்’ எழுதி அரவிந்தனைச் சாகடித்தார். மாயக் கதை இல்லை, ஆனாலும் அரவிந்தன் கிட்டத்தட்ட மாயப் பிறவிதான். அவ்வளவு நல்லவனை யாரும் பார்த்திருக்க முடியாது. அந்தச் சாவுக்குப் பிறகும் பூரணி அவன் நினைவோடு வாழ்கிறாள். வாசகர்கள் அதற்கு மேலும் போனார்கள்: பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைக்கு வருவோம். இராஜபாளையத்தில் என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரைப் போனில் இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். “யாரு வேணா எப்ப வேணா சாகலாம், அதான் மாமா இதுல ரியல்” என்றான். “ஹீரோ சாகமாட்டான்னு தெரிஞ்சுட்டா அவன் மலையிலேருந்து குதிச்சாலும் எனக்கென்ன?” நியாயமான கேள்வி. விக்கிரமாதித்தன் தலையை அறுத்துக்கொள்ளும்போது எந்தக் குழந்தையும் பயந்ததில்லை. மாயக் கதைக்குப் பயத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அந்தத் தொடரின் மூலக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1996-இல் வந்த முதல் புத்தகத்திலேயே, இவன்தான் நாயகன் என்று நம்ப வைத்த நெட் ஸ்டார்க்கின் தலையை வாங்கினார். கதையில் பின்னால் கல்யாண விருந்தில் நடக்கும் படுகொலைக்கு ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து 1440-ஆம் ஆண்டின் ஒரு விருந்துக் கொலையையும் 1692 கிளென்கோ படுகொலையையும் எடுத்துக்கொண்டார். செத்துப்போன மந்திரவாதி காண்டால்ஃபை எழுத்தாளர் டோல்கீன் தன் கதையில் திரும்ப அழைத்து வந்தது சரியில்லை என்றும் சொன்னவர். ஆனால் தொலைக்காட்சித் தொடரில் 2015-இல் குத்திப் போடப்பட்ட ஜான் ஸ்னோவை 2016-இல் ஒரு மந்திரக்காரி எழுப்பினாள். கொலைக்குப் பேர்போன கதைக்கும் மருந்துமலை தேவைப்பட்டது.

நம் பக்கத்தில் ‘பாகுபலி’. 2015 ஜூலையில் வந்த முதல் பாகத்தில் கட்டப்பா பாகுபலியை முதுகில் குத்தினார். ஏன் குத்தினார் என்று 2017 ஏப்ரல் வரை நாடே கேட்டது. தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த இராஜபாளையத்தில் அந்தக் கேள்வி இரண்டு மொழியிலும் ஓடியது. ஆனால் கவனியுங்கள், யாரும் அழவில்லை. அப்பா செத்தாலும் மகன் அதே பிரபாஸ் முகத்தோடு நிற்கிறான். சாவு அங்கே துக்கமில்லை, விடுகதை. (டிவி சீரியல் இன்னும் ஒரு படி மேலே. செத்தவர் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டு வேறு நடிகையாகத் திரும்பி வருவார்.)

எனக்குத் தெரிந்து, அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது இதுதான். அன்று சாவு ஊரறிந்த செய்தி, இன்று அது ரகசியம். முதல் நாள் பார்த்தவன் வாயைத் திறந்தால் ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வருகிறார்கள். ரகசியம் உடைந்ததும் அந்தச் சாவுக்கு மதிப்புப் போய்விடுகிறது என்றால், அதில் இருந்தது அதிர்ச்சி மட்டும்தானே? ரகசியமே இல்லாத கதைக்கும் இன்று ஆள் உண்டு. 2014-இலிருந்து 2020 வரை 26 நாவல்களாக ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்று எழுதினார், தினமும் ஓர் அத்தியாயம். அபிமன்யுவும் கர்ணனும் சாவார்கள் என்பது வாசகர் ஒவ்வொருவருக்கும் சின்ன வயசிலேயே தெரியும். தெரிந்தும் அந்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்தார்கள்.

நிஜத்தில் சாவு திடீரென்று வருகிறது, கதையிலும் அப்படி வந்தால் என்ன என்பார்கள். சரி. ஆனால் நிஜத்தில் திடீரென்று வந்த சாவுக்குப் பிறகு பதினாறு நாள் இருக்கிறது. பந்தல் போடவேண்டும், சொல்லி அனுப்பவேண்டும், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கவேண்டும், செத்தவரின் செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கவேண்டும். இன்றைய மாயக் கதைகளில் பல, நிஜத்திலிருந்து அந்தத் திடீரை மட்டும் எடுத்துக்கொண்டு பதினாறு நாளை விட்டுவிடுகின்றன. அடுத்த காட்சியில் குதிரை ஏறிவிடுகிறார்கள். நல்லதம்பி கிணற்றடியில் அழுத அளவுக்கு அழ அங்கே யாருக்கும் நேரம் இல்லை. பாதி நிஜத்தை வைத்துக்கொண்டு முழு நிஜம் என்று பேர் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதே என் புகார். தாராளமாகக் கொல்லட்டும், அழவும் விடட்டும்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. “சரி, படிச்சதுல, பார்த்ததுல எந்தச் சாவு உன்னை உலுக்கிச்சு?” என்று கேட்டேன். நெட் ஸ்டார்க்கைச் சொல்வான் என்று நினைத்தேன். கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு, “டாபி, மாமா” என்றான்.

டாபி, ஹாரி பாட்டர் கதையில் வருகிற வீட்டு வேலைக்காரக் குட்டிப் பூதம். ஒரு பழைய காலுறையால் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டது. 2007-இல் வந்த கடைசிப் புத்தகத்தில் நண்பர்களைக் காப்பாற்றிவிட்டு ஹாரியின் கையில் சாகிறது. பிறகு ஹாரி மந்திரக்கோலைத் தொடாமல், மண்வெட்டியை எடுத்துத் தன் கையாலேயே குழி தோண்டுகிறான். போர் உச்சத்தில் இருக்கிறது, துரத்திக்கொண்டு வருகிறார்கள், தலைக்கு மேல் ஆயிரம் வேலை. கதை அத்தனையையும் நிறுத்திவிட்டு ஒரு வேலைக்காரப் பூதத்துக்குக் குழி வெட்டுவதைச் சொல்கிறது. படமாக எடுத்தபோது அந்த இடம் வேல்ஸ் நாட்டின் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரை. பார்க்க வந்தவர்கள் அங்கே ஒரு கல்லறையை உண்டாக்கிவிட்டார்கள். டாபி பெயரை எழுதிய வர்ணக் கூழாங்கற்களைக் குவித்தார்கள், காலுறைகளைக் காணிக்கையாக வைத்தார்கள். கூட்டம் பெருகவே, அந்தக் கடற்கரையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, கல்லறையை என்ன செய்வதென்று ஆலோசித்தது. 2022-இல் முடிவு சொன்னார்கள். கல்லறை அங்கேயே இருக்கலாம். வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகட்டும், காலுறையும் வர்ணக் கல்லும் மட்டும் வைக்க வேண்டாம், கடல் கெடுகிறது.

“வைக்கிறாங்களா இன்னும்?” என்று கேட்டேன்.

“வைக்காம இருப்பாங்களா, மாமா?” என்றான்.