எல்லைக் காவலன்

எங்கள் கல்லூரி மாணவர் மூவர், கணிப்பொறியின் கட்டளைப்படி இயங்கும் சி.என்.சி. மில்லிங் எந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் தாமே கட்டி முடித்தனர். தேர்வாளர் வருவதற்கு முதல் நாள் மாலை, நகர்ந்துகொண்டிருந்த மேசை நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் சட்டத்தில் போய் முட்டியது. மோட்டார் ‘கடகட’வென அலறியது. ஒருவன் ஓடிச்சென்று நிறுத்தப் பொத்தானை அழுத்துவதற்குள் மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங் உடைந்துவிட்டது. குற்றவாளி யார் தெரியுமா? தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு சுவிட்சு!

சுவிட்சின் வேலை

இந்த எந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 எட்டுகளாக எடுத்து வைக்கும். ஒரு சுற்றுக்குத் திருகு மேசையை 5 மி.மீ. நகர்த்துவதால், ஓர் எட்டுக்கு 0.025 மி.மீ. நகரும். எவ்வளவு நுட்பம்! ஆனால் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால், மேசை எங்கே நிற்கிறது என்பது எந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே மெல்ல நகர்ந்து, கோடியிலுள்ள சுவிட்சைத் தொட்டு, அங்கிருந்தே கணக்கைத் தொடங்கும். அதுவே லிமிட் சுவிட்சு. மேசை எல்லை மீறாமல் காப்பதும் அதன் பொறுப்பு.

நீர் செய்த சதி

மாணவர்கள் பொருத்தியது மைக்ரோ சுவிட்சு. 1932-இல் அமெரிக்காவின் ஃபிரீபோர்ட் நகரில் பீட்டர் மெக்கால் கண்டுபிடித்த வகை. உள்ளேயுள்ள மெல்லிய உலோகத் தகடு ‘டக்’கென்று ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவும். விலை மலிவு. ஆனால் சாதாரண மைக்ரோ சுவிட்சின் இடுக்குகளில் நீர் புகும். வெட்டும் கருவியைக் குளிர்விக்கத் தெளித்த கூலன்ட் உள்ளே புகுந்து தொடுமுனைகளை அரித்துவிட்டது. அழுத்தியும் மின்சாரம் பாயவில்லை.

நீர்க்காப்பை அளக்க ஐ.பி. என்னும் குறியீடு உண்டு. ஐ.பி. 67 என்பதில் 6 என்றால் தூசி சற்றும் புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் பழுதாகாது. ஆனால் இச்சோதனை நடப்பது வெறும் நீரில். கூலன்டிலுள்ள எண்ணெய் சிலவகை ரப்பரை உப்பச் செய்துவிடும். அதையும் விசாரித்தே வாங்கவேண்டும்.

தொடாமலே உணர்வது

இன்னொரு வகை, தூண்டல் உணரி. 8 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளையாகவும் கிடைக்கிறது. அதன் முனையிலுள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். எஃகுத் துண்டு அருகே வந்தால் அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி ஆற்றலை உறிஞ்சும். சுருளின் அலைவு தளரும். உணரி ‘வந்துவிட்டது’ என்று அறிவிக்கும். உரசும் பகுதியே இல்லை. ஆகவே முழுவதும் மூடிவிடலாம். ஆனால் எஃகை 2 மி.மீ. தூரத்தில் உணரும் சாதாரண உணரி, அலுமினியத்தை 1 மி.மீ.க்கும் குறைவான தூரத்தில்தான் உணரும். எனவே எஃகுத் துண்டையே இலக்காக வைக்கவேண்டும். முனையில் இரும்புச் சீவல் ஒட்டினாலும் ஏமாறும் என்பதால் துடைத்து வைக்கவேண்டும்.

இரண்டாவது பாடம்

சுவிட்சு நனைந்தது மட்டுமா தவறு? அழுத்தினால் மின்சாரம் பாயும்படி இணைத்திருந்ததும் தவறே. இயல்பில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்து, எல்லையில் அறுபடவேண்டும். அப்போது கம்பி அறுந்தாலும் முனை அரித்தாலும் எந்திரம் தானே நின்றுவிடும். 1872-இல் வில்லியம் ராபின்சன் இரயில் தண்டவாளச் சுற்றுக்குக் கையாண்ட தத்துவமும் இதுவே. ஆனால் புகுந்த நீரே இரு முனைகளுக்கும் பாலமாகிவிட்டால் இந்த ஏற்பாடும் ஏமாறும். ஆகவே நீர்க்காப்பு, சரியான இணைப்பு இரண்டுமே தேவை.

மாணவர்கள் தூண்டல் உணரிகளை இவ்வாறே இணைத்தனர். ஒரு வாரம் தள்ளித் தேர்வு நடந்தது. மேசை எல்லையில் அமைதியாக நின்றது.

ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்பு, சிறிது கம்பி கொண்டு நீங்களும் இரு விதச் சுற்றுகளையும் அமைத்துப் பாருங்கள். ஒன்றில் சுவிட்சை அழுத்தினால் பல்பு எரியட்டும், மற்றதில் அணையட்டும். இனிச் சுவிட்சைத் தொடாமல் கம்பியை மட்டும் கழற்றுங்கள். எந்தச் சுற்று உங்களிடம் உடனே முறையிடுகிறது?