தீத்தடுப்புக் கோடுகளில் சருகு ஊதும் இயந்திரம்: உபயோகமும் பராமரிப்பும்

உத்தராகண்ட மாநிலத்தின் மலைச்சரிவுகளில், சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரையில் பரந்து நிற்பவை சீர் எனப்படும் பைன் மரக்காடுகள். மும்மூன்றாகக் கொத்தில் அமைந்து, ஒரு சாண் நீளத்திற்குக் குறையாமல் வளரும் இம்மரத்தின் ஊசியிலைகள் வேனிற்காலத்தில் உதிர்ந்து, தரையை மெத்தைபோல் மூடிவிடுகின்றன. அம்மலைநாட்டு மக்கள் இச்சருகினைப் பிரூல் என்று அழைக்கின்றனர். பிசின் கலந்த இச்சருகு வெயிலில் காய்ந்தபின், அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டே ஒரு மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடப் போதுமானது. பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதங்களை அம்மாநில வனத்துறை தீக்காலமாகக் கொண்டு பணியாற்றுகிறது. 2024 ஜூன் 13 அன்று, அல்மோரா மாவட்டத்துப் பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறை ஊழியர்களுள் நால்வர் அன்றே உயிரிழந்தனர் என்பது இப்பணியின் தன்மையை உணர்த்தும்.

தீ பரவாமல் தடுப்பதற்குக் காடுகளின் குறுக்கே மரமும் புதரும் அகற்றப்பட்ட வெற்றிடங்கள் நெடுங்காலமாகவே விடப்பட்டு வந்துள்ளன. இவையே தீத்தடுப்புக் கோடுகள். உத்தராகண்டத்தில் இவை 100 அடி, 50 அடி, 30 அடி என்னும் அகலங்களில் அமைந்துள்ளன. ஆனால் மரத்தை அகற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சருகு மூடிய கோடு தீக்கு வழியாகுமேயன்றித் தடையாகாது. இன்று பெருக்கிய கோட்டில் அடுத்த வாரமே மீண்டும் ஊசியிலைகள் உதிர்ந்து கிடக்கும். இரும்பு வாரியும் துடைப்பமும் கொண்டு மைல்கணக்கில் ஒரு பருவத்திற்குள் பலமுறை பெருக்குவது எளிய காரியமன்று. ஆகவேதான் அண்மை ஆண்டுகளில், நகரப் பூங்காக்களுக்கென ஆக்கப்பட்ட சருகு ஊதும் இயந்திரம் காட்டு ஊழியரின் முதுகிலும் ஏறியுள்ளது. மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகளிலும் இது பயன்படுகிறது. அகன்ற தேக்கிலை ஊதியவுடன் பறந்துவிடும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பைன் ஊசிகளைப் பெயர்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும்.

இவ்வியந்திரத்தின் அமைப்பு கடினமானதன்று. பெட்ரோலால் இயங்கும் ஒரு சிறிய என்ஜின், மூடிய கூண்டிற்குள் உள்ள விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் நடுவில் உறிஞ்சப்படும் காற்று, சுழற்சியினால் விளிம்பிற்குத் தள்ளப்பட்டு, ஒரு குழாய் வழியே மிகுந்த வேகத்துடன் வெளியேறுகிறது. முதுகில் சுமக்கும் பெரிய இயந்திரங்களின் குழாய் முனையில் காற்றின் வேகம் வினாடிக்கு 80 மீட்டரையும் தாண்டுவதுண்டு. புயற்காற்றின் வேகத்தைவிட இது அதிகம். இயந்திரத்தின் எடை சுமார் 10 கிலோகிராம்.

இனி, களப்பணியாளர் ஒரு கணமும் மறக்கலாகாத விஷயம் ஒன்று உண்டு. தீயைத் தடுக்க வந்த இவ்வியந்திரமே ஒரு தீக்கொள்கலம். ஒன்றரை லிட்டர் அளவான பெட்ரோலும், காய்ந்த சருகைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறக்கூடிய சைலன்ஸரும், மின்பொறி எழுப்பும் பிளக்கும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு, ஒரு மனிதனின் முதுகில் ஏற்றப்படுகின்றன. அம்மனிதன் நிற்பதோ, உலகில் எளிதில் பற்றும் சருகுகளுள் ஒன்றின் மீது. இயந்திரம் ஊதிக்கொண்டிருக்கும்போது அபாயம் ஓரளவு குறைவே. காற்று சருகை விலக்கிக்கொண்டே இருக்கும். அதனை நிறுத்தி, இறக்கி வைத்து, எண்ணெய் நிரப்பும் சில நிமிடங்களில்தான் அபாயம் உச்சநிலையை அடைகிறது.

இதன் காரணத்தை ஆசிரியர்கள் வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளம் நோக்கி ஓடக்கூடியது. பெட்ரோலைக் கொண்டு இதனைச் சோதித்துக் காட்டுதல் ஒருபோதும் கூடாது. அதற்குப் பதிலாக, ஓர் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் உயரம் வேறுபட்ட இரு மெழுகுவத்திகளை ஏற்றி வைக்க வேண்டும். மற்றொரு குவளையில் சமையல் சோடாவின் மீது எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றினால் கரியமிலவாயு நுரைத்தெழும். அவ்வாயுவை மட்டும், திரவம் சிந்தாமல், பாத்திரத்தினுள் மெல்லச் சரித்தால், குட்டை மெழுகுவத்தி முதலில் அணையும். நெட்டையானது பின்னர் அணையும். கனமான வாயு அடியில் சென்று நிறைவதை மாணவர் நேரில் காண்பர். கரியமிலவாயு தீயை அணைக்கிறது. அதே வகையில் அடியில் படரும் பெட்ரோல் ஆவியோ தீயைத் தேடிச் செல்கிறது. பத்தடி கீழே ஒருவர் பற்றவைக்கும் பீடி மேலே உள்ள கேனை எரிக்கக்கூடும் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஆகவே, எண்ணெய் நிரப்புவதற்கு ஒரு முறையுண்டு. சருகு அகற்றப்பட்ட வெறுந்தரையிலோ பாறையிலோ மட்டுமே இயந்திரத்தை இறக்க வேண்டும். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடமேனும் ஆறவிட்டு, பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்; அதுவும் உள்ளழுத்தம் வெளியேறும்படி மெதுவாக. விளிம்புவரை நிரப்பலாகாது. சிந்தியதைத் துடைத்து, துணியில் சிந்தியிருந்தால் உடையை மாற்றி, நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிச் சென்றே மீண்டும் இயக்க வேண்டும். பெட்ரோல் கேனை நிழலில், வேலை நடக்கும் இடத்திற்கும் காற்று வீசும் திசைக்கும் விலகி வைக்க வேண்டும். பத்து நிமிடம் காத்திருப்பது வீண் என எண்ணுவோர் உண்டு. ஒரு சரிவு எரிந்து முடிய அதற்குமேல் அதிக நேரம் ஆவதில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

எண்ணெய்க் கலவையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இவ்வகை இயந்திரங்களுள் பெரும்பாலானவை இரண்டடி என்ஜின்கள். இவற்றில் உயவு எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் தாங்கிகளையும் உராய்வினின்று காக்கிறது. 50க்கு 1 என்னும் விகிதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய்; 25க்கு 1 எனில் 40 மில்லிலிட்டர். எது வேண்டும் என்பதை இயந்திரத்தோடு வந்த கையேட்டில் பார்த்து, கேனின் மீதே பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நன்று. எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு பற்றிக்கொண்டு நின்றுவிடும்; தீக்கோட்டின் நடுவில் அவ்வாறு நிற்பது இயந்திரத்திற்கு மட்டும் நேரும் நஷ்டமன்று. 'கூடுதலாகக் கலந்தால் கூடுதல் பாதுகாப்பு' என்பதும் தவறு. மிகுதியான எண்ணெய் எரியாமல் கரியாகி, பிளக்கையும் சைலன்ஸரையும் அடைத்துவிடும். நான்கடி என்ஜின் பூட்டிய இயந்திரங்களும் உள்ளன; அவற்றில் எண்ணெயைத் தனியே ஊற்ற வேண்டும், பெட்ரோலில் கலக்கலாகாது.

பெட்ரோலின் இயல்பும் இப்போது மாறியுள்ளது. நம் நாட்டில் 2023 முதல் 20 சதவிகிதம் எதனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியுள்ளது. சிறு என்ஜின்களுள் பல 10 சதவிகிதம் வரையிலான கலப்பிற்கே அமைக்கப்பட்டவை; கையேட்டில் இதனையும் காண வேண்டும். எதனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஈரம் ஓர் அளவை மீறினால், எதனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உயவு எண்ணெயோ மேலே பெட்ரோலுடன் நின்றுவிடும். என்ஜினுக்குச் செல்லும் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்தே. ஆக, சரியான அளவில் எண்ணெய் கலந்தும், எண்ணெயற்ற எரிபொருளே சிலிண்டரை அடைகிறது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பழைய கலவையை ஊற்றக்கூடாது என்னும் விதிக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மலைப்பகுதியில் மற்றொரு நிலைமை எதிர்ப்படும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் என்ஜின் தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும்; பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். இது பழுதன்று. ஆனால் பழுதெனக் கருதிக் கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைப்போர் உண்டு. மேலே அது நன்றாகவே ஓடும். அதே இயந்திரம் 600 மீட்டர் உயரத்துக் காட்டிற்கு இறங்கியதும், பெட்ரோலும் அதனோடு செல்லும் எண்ணெயும் போதாமல், அளவுமீறிச் சூடேறி நாசமாகும். திருகைத் தொட்டவர், இறங்குமுன் அதனைப் பழைய நிலைக்குத் திருப்புதல் வேண்டும். தொடாதிருத்தல் அதனினும் நன்று.

சைலன்ஸரின் வாயில் மெல்லிய கம்பி வலை ஒன்று உண்டு. கனன்ற கரித்துகள்கள் வெளியே தெறிக்காமல் தடுப்பது இதுவே. இது கரியால் அடைபட்டு என்ஜின் திணறும்போது, வலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. என்ஜின் உடனே உற்சாகமாக ஓடுவது உண்மை. அது கக்கும் பொறிகள் பிரூலின் மீது விழுவதும் உண்மை. வலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். வலையில்லாத இயந்திரத்தைக் காட்டிற்குள் அனுப்பலாகாது.

வேலை செய்யும் முறையைப் பொறுத்தவரை, முதலில் காதைக் காக்க வேண்டும். இயக்குபவரின் காதருகே ஓசை 100 டெசிபல் அளவை எட்டக்கூடும். 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் எனக் கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்னும் கணக்குப்படி, 100 டெசிபலுக்குக் கால்மணி நேரமே எஞ்சும். காதடைப்பான் இன்றி நாள் முழுதும் ஊதுபவர் சில பருவங்களில் செவித்திறனை இழப்பதில் வியப்பில்லை. ஆனால் காதடைத்தவருக்குக் கூவி எச்சரிப்பதும் கேளாது. மேலிருந்து உருளும் கல்லின் ஓசையும், பின்னால் சடசடக்கும் தீயின் ஓசையும் கேளா. எனவே இயந்திரத்தோடு இருவர் செல்வதே முறை. ஒருவர் ஊத, மற்றவர் சில மீட்டர் தள்ளி, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று மலையையும் காற்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்து, திரும்பு, ஓடு என்னும் மூன்றுக்கும் கைச்சைகைகளை முன்னரே பேசிவைத்தல் வேண்டும். மற்றவர்களை 15 மீட்டருக்கு அப்பால் நிறுத்துவது நல்லது. குழாய்க் காற்று சிறு கற்களையும் எறியும். கண்ணாடியும் முகமூடியும் கணுக்கால் மூடிய காலணியும் அவசியம். உடை பருத்தியாக இருத்தல் வேண்டும். செயற்கை இழை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, கழுத்துத் துண்டு போன்றவை முதுகுப்புறக் காற்றுவாயில் இழுக்கப்படாதவாறு செருகியிருக்க வேண்டும். தோள்வாரை ஒரே இழுப்பில் கழற்றி இயந்திரத்தை உதறிவிட்டு ஓடுவதற்கு ஒவ்வொருவரும் பழகியிருத்தல் வேண்டும். இப்பயிற்சி பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். தோன்றினும் தவறாமல் செய்விக்க வேண்டும்.

ஊதும் சருகைக் கோட்டின் ஓரத்தில் மேடாகக் குவிக்காமல், காட்டிற்குள் மெலிதாகப் பரவும்படி செலுத்த வேண்டும். ஓரத்து மேட்டில் தீ பற்றினால், எழும் சுவாலை கோட்டையே தாண்டிவிடும்.

எரியும் தீயின் அருகே இவ்வியந்திரத்தைக் கொண்டுசெல்வது வேறு வகையான வேலை. காற்று தீயை அணைக்கும் என்று நம்பிச் சுவாலையின் மீதே ஊதுவோர், உண்மையில் துருத்தி ஊதுகின்றனர். ஊத வேண்டியது சுவாலைக்கு முன்னால் எரியாமல் கிடக்கும் சருகை. செலுத்த வேண்டிய திசை எரிந்து முடிந்த பக்கம். சுவாலை முழங்காலுக்குக் கீழே உள்ளபோது மட்டுமே, எரிந்து கறுத்த தரையை ஒட்டி நின்று இதனைச் செய்யலாம். தீ மலையேறுகையில் விரைவது. சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது களத்தில் வழங்கும் கணக்கு. ஆதலால் தீக்கு மேற்புறச் சரிவில் முதுகில் பெட்ரோலுடன் நிற்பது அறவே கூடாது. கீழ்ப்புறமும் முற்றிலும் பத்திரமானதன்று. எரியும் சீர்க்காய்கள் உருண்டு வந்து புதிய தீ மூட்டும்.

அன்றாடப் பராமரிப்பு சில நிமிட வேலையே. மாலையில் காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி நீக்குதல், சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளிடையே செருகிய ஊசியிலைகளை எடுத்தல், எரிபொருள் குழாய்களில் வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல், தளர்ந்த திருகுகளை முடுக்குதல் ஆகியவை போதும். வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, கரி நீக்கி, இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவிற்கு, பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக, அமைக்க வேண்டும்.

இயந்திரங்கள் மிகுதியும் கெடுவது வேலையின்போதன்று, ஜூன் முதல் பிப்ரவரி வரை சும்மா கிடக்கும்போதே. மழை வந்ததும் நிம்மதியுடன் மூலையில் வைக்கப்படும் இயந்திரத்தின் தொட்டியில் மீதக் கலவை தங்கி, ஆவியாகி, பிசினாக உறைந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. ரப்பர்த் தகடுகள் விறைத்துப்போகின்றன. ஆகவே தொட்டியை வடித்து, எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை என்ஜினை ஓட்ட வேண்டும். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்தால் சிலிண்டர் துருவேறாது. பின்னர் பிளக்கைப் பூட்டி, உலர்ந்த அறையில், அடுப்பிற்கு எட்டாத இடத்தில் மூடி வைக்கலாம். வடித்த கலவையை ஓடையிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது. ஜனவரி இறுதியில், தீக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஒவ்வோர் இயந்திரத்தையும் புதிய கலவையுடன் கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஓடாதவற்றின் பட்டியலை வனச்சரக அலுவலகத்திற்கு அனுப்பினால், பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும்.